வெள்ளி அடைச்ச கடைவாய்ப் பல்லு

எனக்கு வயசு எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவ. கம்பத்துலருந்து காமயகவுண்டன்பட்டி போற பஸ்ஸுல, முன்சீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி பேசிக்கிட்டு வந்தாக.

"சம்பந்தி வீட்டுக் கெடா விருந்தன்னைக்கா கடைவாய்ப் பல்லுல வெள்ளி அடைப்பீக?"

"வலி தாங்கலடி. நாளை வரைக்கும் அந்தப் பக்கம் மெல்லக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாக."

"மறுபக்கம் மெல்லுங்க."

"அங்கன பல்லு ஏது?"

"போன தடவை சாப்பிடாம வந்ததுக்கே சம்பந்தி ஆறு மாசம் பேசல. இன்னைக்கும் சாப்பிடலைன்னா அங்க வாழுற நம்ம மக பாடு என்னாகும்? வாயைத் திறந்து காட்டிருங்க."

அடுத்த நிறுத்தத்துல வாழையிலைக் கட்டோட சம்பந்தியே ஏறினாக. புருசங்காரரு கும்பிடாம வாயை ஆன்னு திறந்தாக. சம்பந்தி குனிஞ்சு உள்ளே பார்த்தாக.

"நல்லாத்தான் மின்னுது சம்பந்தி. ஈரலை மெல்லவா வேணும்? அப்படியே முழுங்குங்க."

ஏ பேத்தி, பஸ்ஸுல கேட்டதை நான் எழுதிட்டேன்; திருத்தாம ஒருக்கா வாசிச்சுக் காட்டு ஆத்தா.