தாழ்ந்த ஜன்னல்

ஷிகேனோ – ...கொஞ்சம் நகருங்கம்மான்னுட்டாங்க. என் வீட்டுச் சமையல்கட்டுலயே.

ஹட்சுயே – யாரு, பத்திரிகைக்காரங்களா?

ஷிகேனோ – பின்ன? படத்துல நான் விழுறேனாம். டோக்கியோவுல ஒரு பொம்பளை இன்ஜினியர், அதான் நீ, கட்டின வீடு... அதுல இன்னொரு பொம்பளை எதுக்கு?

ஹட்சுயே – பொறாமையாடி?

ஷிகேனோ – ஆமா. வயிறு எரியுது, போதுமா? போருக்கு முன்னாடி ஒரே பெஞ்சுல உக்காந்து வீட்டுப் படம் வரைஞ்சோம். காலேஜ் சுவத்துல மாட்டினது என் படத்தைத்தான்.

ஹட்சுயே – நான் இல்லைங்கலையே...

ஷிகேனோ – அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. உனக்கு லைசென்ஸ் கிடைச்சுது. இப்ப பாக்கறவங்கல்லாம் 'சென்செய், சென்செய்'னு, வாத்தியாரைக் கூப்பிடற மாதிரி, உன் முன்னாடி குனியறாங்க.

ஹட்சுயே – உன் வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரித் தச்சர் கடைசிவரைக்கும் குனியலடி. நான் பேசினா மட்டும் அவருக்குக் காது கேக்காது.

ஷிகேனோ – நான் பேசினா கேட்டுதே.

ஹட்சுயே – ஏன் கேக்காது... காலையில பத்து மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் டீயும் இனிப்பும் குடுத்தது நீதானே.

ஷிகேனோ – வீடு கட்டினா வீட்டுக்காரி குடுக்கறதுதான். ஊர் வழக்கம்.

ஹட்சுயே – சரி, சரி. பத்திரிகைக்காரங்களுக்கு எது பிடிச்சுதாம்?

ஷிகேனோ – ஜன்னல். உக்காந்து முள்ளங்கி சீவினாலும் தோட்டம் தெரியுதே, இவ்வளவு தாழ வைக்க யாருக்குத் தோணும்னு ஒரே புகழ்ச்சி.

ஹட்சுயே – ம்...

ஷிகேனோ – என்ன ம்? நீ வரைஞ்சது நெஞ்சு உயரத்துக்குடி.

ஹட்சுயே – ஆமா, நெஞ்சு உயரந்தான்.

ஷிகேனோ – டீயைக் கையில குடுத்துட்டு, என் வீடு, கீழ இறக்கி வைங்கன்னு தச்சர்கிட்ட நான்தான் சொன்னேன். நீ வந்து பாத்து கத்துவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசாம போயிட்டே. அம்மாடி, அவ்வளவு பெரிய ஆளாயிட்டா, கண்ணுலகூடப் படலன்னு நினைச்சேன்.

ஹட்சுயே – பட்டுதுடி. அன்னிக்கெல்லாம் சோறு இறங்கல. இத்தனை வீடு கட்டியிருக்கேன், எனக்கு ஏன் தோணல, இவளுக்கு எப்படித் தோணுச்சுன்னு...

ஷிகேனோ – நிஜமாவா? அப்ப அவங்ககிட்டச் சொல்லு. நாளைக்கே சொல்லு, அது ஷிகேனோ வச்சதுன்னு.

ஹட்சுயே – இங்க வர்றதுக்கு முன்னாடி என் ஆபீசுக்குத்தான் வந்தாங்க. ஜன்னல் யாரோட யோசனைன்னு கேட்டாங்க... என்னோடதுன்னு சொல்லிட்டேன்.