சறுக்குமரத்துக்கு அடியில

இல்ல சார், நான் உக்கார மாட்டேன். உக்காந்தா டீ சொல்லுவீங்க, டீ குடிச்சா நாளைக்கு வான்னு சொல்லுவீங்க. பதினோரு தடவ வந்தாச்சு இந்த மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு. எம்மக ரூபா மனுவத் தூக்கிட்டு உள்ள வருவா, நான் வெளிய பெஞ்சுல காத்துக் கெடப்பேன். இன்னிக்கு அவ பெஞ்சுல, நான் உள்ள. அந்த மன்னிப்புக் கடுதாசில அவ கையெழுத்துப் போடறதுக்கு முன்னால உங்ககிட்டப் பேசணும்.

ஆமா, தமிழ்லயேதான் பேசறேன். கதவுல வைத்யநாதன்னு பலக இருக்கே, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இத்தன நாளா எங்களக் கன்னடத்துலயே தொரத்துனீங்க. நல்லாவே தொரத்துனீங்க.

கோவந்தான் சார். வயிறு எரியுது. விஜயநகர் தாண்டி எங்க பக்கத்து கெரே, அந்த ஏரிய நீங்க ஒரு நாளாவது கரையில நின்னு பாத்திருக்கீங்களா? ஆறு மாசத்துக்கு முன்னால நாலு கூழைக்கடா செத்து மெதந்துச்சு. நீட்ட மூக்கு, அதுக்கடியில பை தொங்குமே, அந்தப் பறவைங்க. ஒண்ணுக்கு மட்டும் உசுரு இருந்துச்சு. எம்மக இடுப்பளவு நாத்தத்துல எறங்கித் தூக்கிட்டு வந்தா. மாட்டாஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுல என் மடியிலதான் வெச்சிருந்தோம். மண்டி மொஹல்லாவுல வண்டி நவுரல. அங்கயே அது தலையத் தொங்கப் போட்டுருச்சு. ஆட்டோக்காரர் வண்டிய ஓரங்கட்டிட்டு, வாடக வேண்டாம்னுட்டார். அவருக்கு வந்த வருத்தம் இந்த ஆபீசுல ஒருத்தருக்காவது வந்துச்சா?

அதுக்கப்புறந்தான் வீடு வீடா ஏறுனா எம்மக. காலேஜு ரெண்டாம் வருசம், பரிச்ச வேற. என்ன கேட்டா அவ? அந்த ஏரிய பறவைங்களுக்குன்னு கவர்மெண்ட்டே எடுத்துக் காப்பாத்தணும், ஒரு காவக்காரர் வேணும், கழிவ விடறவன் மேல கேஸ் போடணும். ஆகாசத்துல இருக்கற நெலாவையா கேட்டா? ஆயிரத்து நாப்பது பேரு கையெழுத்துப் போட்டாங்க. அதுல ஒண்ணு கைநாட்டு. அது என்னுது. எனக்கு ரெண்டெழுத்துக்கு மேல எழுத வராது.

ஆங், மனுவுல பேர எழுதுனதால அந்த அபார்ட்மெண்ட்டுக்காரங்க மானம் போச்சுங்கறீங்க. அதுக்கு வர்றேன். கூழைக்கடா பேர வெச்சு பெலிகன் வியூன்னு அபார்ட்மெண்ட்டு வித்தவங்களுக்கு மானம் வேற! எங்க கழிவு சொட்டுக்கூட ஏரிக்குப் போகல, தொட்டி கட்டி சுத்தம் பண்றோம், இந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு செக்ரட்டரி முரளிதரன் எழுதிக் குடுத்தார். நீங்களும் போய்ப் பாத்தீங்க. எப்டிப் போனீங்க? முந்துன நாளே போன் பண்ணிட்டு, மாமியார் வீட்டு விருந்துக்குப் போற மாதிரி போனீங்க. எளநி குடிச்சீங்க, தொட்டியப் பாத்தீங்க, ஆதாரம் இல்லன்னு எழுதிட்டு வந்துட்டீங்க. மழ பேயறப்ப போயிருக்கணும் சார். மழ கொட்டும்போதுதான் தெறந்து விடுவாங்க, எம்மக கண்ணால பாத்திருக்கா. கெரேக்குள்ள கலந்துருச்சுன்னா யாருக்குத் தெரியும்?

சமாதானமாப் போகச் சொல்றீங்க. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு அவ கைப்பட எழுதணும். இல்லன்னா போலீஸு, காலேஜுக்கு லெட்டரு. இதுவா சமாதானம்? எம்மவளுக்குப் பொய் சொல்லவே வராது சார். சின்னதுல கொழம்பு நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அதையே தின்னுட்டு எந்திரிப்பா. காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல அவளுக்கு. அம்மா, நான் பாத்தது பொய்யாம்மான்னு பஸ்ஸுல கேட்டா. நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்தேன்.

இருங்க, ஆதாரம் ஆதாரம்னு மேசையத் தட்டாதீங்க. அதக் குடுக்கத்தான் வந்திருக்கேன்.

அங்க பசங்க வெளையாடற எடத்துல ஒரு சறுக்குமரம் இருக்கு, பாத்தீங்களா? அதுக்கடியில செவப்பு டைல்ஸு. ஆளக் கூட்டிட்டுப் போய் நாலு டைல்ஸப் பேத்து, ஒரு மொழம் மண்ணத் தள்ளுங்க. சிமெண்ட் பலக ஒண்ணு வரும். அத நெம்பித் தூக்குனா குழாய் தெரியும். அந்தத் தொட்டிக்குப் போற கழிவு, அவங்க தெறந்து விட்டா அங்கயே பிரிஞ்சு நேரா கெரேக்குப் போகும்.

எப்டித் தெரியுமா? அத வெச்சதே நாங்கதான் சார். பத்தொம்போது வருசம் ஆச்சு. ஹனூர்லருந்து பொழைக்க வந்த புதுசு. எங்க வீட்டுக்காரர் முனிராஜு கொத்தனாரு, இப்ப அவர் இல்ல. நான் சித்தாளு, கலவ போட்டுக் குடுத்தேன். மழத்தண்ணி குழாய்னு மேஸ்திரி சொன்னான். மழத்தண்ணிக்குக் கக்கூஸ் பக்கத்துலருந்து எதுக்குக் குழாய்னு எனக்குத் தோணுச்சு. தோணலன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா வாயத் தெறக்கல. தெறந்தா மறுநா ரெண்டு பேருக்கும் வேல இருக்காது. புள்ளைக்கு அப்ப ஆறு மாசம், அங்கயே மரத்துல தொட்டில் கட்டிப் போட்டிருந்தேன்.

இல்ல, அவளுக்குத் தெரியாது. அந்தப் பறவ என் மடியில செத்துச்சே, அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல.

பலகையத் தூக்குனதும் ஒடைச்சுராதீங்க, திருப்பிப் பாருங்க. சிமெண்ட் காயறதுக்குள்ள ஆணியால பேரு கீறி வெக்கறது எங்க வேலையில வழக்கம். வாட்ச்மேன் பொஞ்சாதி மல்லம்மாதான் மணல்ல எழுதிக் காமிச்சா, நான் பாத்துப் பாத்துக் கீறுனேன். ரூபான்னு இருக்கும். புள்ள பேர எங்கயாவது எழுதி வெக்கணும்னு அவ்ளோ ஆச.

அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுட்டு வேற காயிதம் எடுங்க சார். நான் சொல்றத எழுதுங்க. கீழ பாப்பம்மாள்னு நீங்களே போட்டுருங்க, என் பேரு எனக்கு எழுத வராது, கைநாட்டு வெக்கறேன். எழுதி முடிச்சதும் அவள உள்ள கூப்புடுங்க. படிச்சுக் காட்ட வேண்டாம், நானே சொல்லிக்கறேன்.