தையல்காரரைப் பிடிக்க எத்தனை பேர்?

"ஒத்தையில தொரத்துனா ஆயுசுக்கும் சிக்க மாட்டாரு, அக்கா. கணக்கே அப்படித்தான்."

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் டவுன் பஸ்ஸில், என் பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட் தைக்கக் கொடுத்த தையல்காரரோ, இந்த அம்மாளைக் கண்டதும் சைக்கிளில் ஏறி, கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் மறைந்துவிடுகிறாராம்.

"நான் கெழக்கே போனா அவன் மேக்கே நிக்கான், டீச்சர்."

"வட்டம்லா அது. ரெண்டு பேரு எதிரெதிரா வந்தா மாட்டிக்கிடுவாரு. நானும் வாரேன்."

"நடுவுல சந்து சந்தாப் போகுதே?"

"சரி, ரெண்டு பேரு காணாதுன்னே வச்சுக்கிடுங்க. மூணு பேரு இருந்தா தப்ப முடியாது. பாலம் கட்டி தெருவுக்கு மேல தெரு போகாத எந்த ஊருக்கும் மூணு பேரு போதும்னு கணக்குல நிரூபிச்சிருக்காங்க."

"யாரு எந்தச் சந்துல நிக்கணும்?"

"அதைக் கணக்குப் போட்டு முடிக்கதுக்குள்ள உங்க பேத்தி கல்யாணம் வந்துரும்."

அம்மாள் சிரிக்கவில்லை. "மூணாவது ஆளுக்கு எங்கன போக?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.