தளிர்ப்பச்சை ஹெல்மெட்

— கைய வச்சிராதீங்கக்கா, இன்னும் ஈரம் காயல. செத்த பொறுங்க, டேப்ப உரிச்சிட்டு நானே காட்டுதேன்.

— இது என் ஹெல்மெட்டுதானாப்பா? பேப்பரும் டேப்பும் சுத்திக்கினு, கட்டுப் போட்ட மண்டையாட்டம் கீது.

— ஒங்களதுதான். உள்ள பாருங்க, 'கலைமதி, வடக்குப்பட்டு'ன்னு எழுதி ஒட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம ஆனா அஞ்சாறு வந்திருது, மாறிரக்கூடாதுல்லா.

— எங்க தெருப் பொண்ணு சொல்லித்தான் வந்தேன். இருங்காட்டுக்கோட்டைல ஒரு மொட்டமாடி, பேச்சிராஜுன்னு திருநெல்வேலி பையன், சூப்பரா பெயிண்ட்டு அடிக்கிறான்னு சொன்னா. டேப்பு மேல இன்னாப்பா இது, அழுக்காட்டம்?

— பெயிண்ட்டுதான். டேப்புல பட்டா அப்படித்தான் தெரியும். இது மத்த பெயிண்ட்டு மாதிரி இல்ல, கண்ணாடி மாதிரி. மொதல்ல ஹெல்மெட்டு பூரா மஞ்ச அடிச்சேன். காஞ்சதும் மேல டேப்பு ஒட்டி, பிளேடால எல மாதிரி வெட்டி எடுத்தேன். அந்த ஓட்டைக்குள்ள பச்சையப் பொடி தூவுத மாதிரி ஊதினேன். ஒரேயடியா ஊதக்கூடாது, வழிஞ்சிரும். அடியில மஞ்ச, மேல பச்ச. நீங்க கேட்ட தளிர்ப் பச்ச வந்திரும்.

— மூணு எல. புங்கமரம் துளுத்தா வருமே, அந்தக் கலரு கேட்டேன்.

— அதேதான். இப்பப் பாருங்க, படக்குன்னு பிடுங்கக்கூடாது, பையப் பைய மடக்கி உரிக்கணும்... இந்தா. எப்படி?

— அடேங்கப்பா! ஓரத்துல ஒரு பிசிறு இல்ல. அச்சுல வார்த்தாப்ல கீது.

— மூணு வருசமா கம்பெனி பெயிண்ட் ஷாப்புல்லா. இப்போதைக்கு காண்ட்ராக்ட்டுதான்.

— எந்தக் கம்பெனி? சட்டைல போட்ருக்குதே, அதுவா? நானும் அங்கதாம்பா.

— அப்படியா! எங்க சூப்பர்வைசர் ரகுபதி சாரத் தெரியுமா?

— வந்து பத்து நாளுதான் ஆவுது. இன்னும் யாரையும் தெரியாது. சரி, எலைய பச்சைலதானே கேட்டேன்?

— பச்சதானக்கா இருக்கு.

— பேச்சிராஜு, இப்டி வெயில்ல எடுத்துக்கினு வா. இப்பப் பாரு.

— பாத்துட்டேன். என்ன கொறையுது? இன்னொரு கோட்டு ஊதணுமா?

— இது காப்பிக் கலருப்பா. காஞ்ச சருகு.

— வெளாடாதீங்கக்கா.

— நா இன்னாத்துக்கு வெளாடறேன்? அந்த பாட்டிலுங்கள குடு. இதுல பச்ச எது?

— மூடியில ரெண்டு கோடு கீறிருக்கேன்லா, அது.

— மூடிய வுடு. உள்ள கீற பெயிண்ட்ட பாத்து சொல்லு.

— அதெப்படிக்கா சொல்ல முடியும்? ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு.

— எனக்கு அப்டி இல்லியே. மூடிய யார்னா மாத்திட்டாங்களா?

— வனமாமலை! என் ரூம்காரன். பிசுபிசுன்னு இருக்குன்னு நேத்து எல்லா மூடியவும் தின்னர்ல கழுவுனான், மாத்தி மூடிட்டான் போல. நல்லதுதான் செஞ்சிருக்கான் பாவி. அவனுக்குத் தெரியாது.

— கூடவே கீறான், அவனுக்கே தெரியாதா?

— யாருக்குமே தெரியாது. எங்க அம்மைக்கே தெரியாது. பச்சையும் காப்பிக் கலரும் சின்னதுலேருந்தே எனக்கு ஒண்ணுதான். மூடியில கோடு கீறி வச்சி, இத்தன நாளு ஒரு தப்பு வரல. இன்னைக்கு ஒங்க ஹெல்மெட்டுல வந்து மாட்டிக்கிட்டேன்.

— அதுக்குன்னு ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? மேலயே பச்சைய ஊதிட்டா சரியாப் பூடாது?

— ஆகாதுக்கா. இந்தப் பெயிண்ட்டுல அடியில கெடக்கது தெரியத்தான் செய்யும். தேச்சி எடுத்துட்டு மொதல்லேருந்து அடிச்சித் தாரேன். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். இத வெளிய சொல்லிராதீங்க. நாளைக்கு எனக்குக் கம்பெனில மெடிக்கல் டெஸ்ட்டு. அது முடிஞ்சா டச்சப் செக்சன்ல பெர்மனெண்ட்டு.

— கலரு தெரியுதான்னு பாக்க, புள்ளி புள்ளியா நம்பர் வச்ச புக்க காட்டுவாங்களே, அத இன்னா பண்ணுவ?

— போன்ல போட்டோ வாங்கி, வரிசையா மனப்பாடம் பண்ணிட்டேன். கேளுங்க, ஒப்பிக்கேன்.

— ஒப்பிச்சி உள்ள பூந்துட்ட, சரி. அப்பால? கீறல் வுழுந்த வண்டி ஒண்ணொண்ணுக்கும் கலரு பாத்து அடிக்கணும். அங்க யாரு உனக்கு கோடு கீறி வப்பா?

— அத நெனச்சாத்தான் சோறு எறங்கல. பயமா இருக்குக்கா. ஆனா பெயிண்ட் ஷாப்ப விட்டுப் போக மனசில்ல. வேற எந்த வேலையும் எனக்குப் பிடிக்கல.

— யாரு உன்ன போவ சொன்னது? மேல ஒரு கலரு, கீழ ஒரு கலருன்னு வண்டி வுடறாங்களே, அதுக்கு டேப்பு ஒட்டறது தனி செக்சன். ஓரம் பாக்கற கண்ணு இருந்தா போதும். அந்த புக்கும் கெடையாது. இந்த மாதிரி டேப்பு ஒட்டறவனுக்கு அங்க எடம் இல்லாமலா பூடும்?

— மாஸ்கிங்கா? அது கெடச்சா போதுமே! ஆனா மெடிக்கல்ல போயி எப்படிக் கேக்க? புதுசா ஒரு சிஸ்டர் வந்திருக்காங்களாம். ரொம்பக் கறாருன்னு பசங்க சொல்லுதானுவ. புக்க வரிசையாக் காட்டாம, கலச்சிக் கலச்சிக் காட்டுதாங்களாம். நான் மனப்பாடம் பண்ணுனதே வீணோ என்னவோ.

— வீணுதான்.

— பாத்தீங்களா! இதுல நானா போயி, கண்ணு இப்படின்னு சொன்னா, அந்தச் சிஸ்டரு காது குடுத்துக் கேக்கவா போறாங்க?

— மாஸ்கிங் கேட்டு ஒரு லெட்டர் எழுதி எடுத்துக்கினு வா, டாக்டர்கிட்ட நா பேசறேன். இவ்ளோ நேரம் நிக்க வச்சி எல்லாத்தையும் கேட்டாளே, அந்த சிஸ்டரே நான்தாம்பா.