மூன்றாவது சாவி

சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "இப்பத்தாங்க இங்க வெச்சேன்." நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தொலைத்துவிட்டு நிற்கிறவனிடம் போய் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது? உட்காரச் சொல்வேன், தண்ணீர் கொடுப்பேன், வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பேன். இந்தத் தொழிலில் பொறுமைதான் பாதி வேலை. என் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் ஐயா, என்னைக் கோபக்காரன் என்று ஒருவர் சொல்லமாட்டார்.

தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது. இப்போதைய கார் சாவி வெறும் இரும்பு இல்லை. அதன் தலைக்குள் அரிசி அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. சாவியைத் திருப்பினால் வண்டி அந்தச் சில்லைப் பார்த்து, நம்ம வீட்டு ஆள்தானா என்று சரிபார்த்துக்கொள்ளும். தெரிந்த ஆள் என்றால் என்ஜின் எழும்பும். தெரியாத ஆள் என்றால் கதவு திறக்கும், அவ்வளவுதான். தலைகீழாக நின்றாலும் வண்டி நகராது.

அதனால் சாவி திருட்டுப் போனால் புதுச் சாவி செய்து கொடுத்தால் மட்டும் போதாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே கருவியைச் செருகி, வண்டிக்குத் தெரிந்த சாவிகள் அத்தனையையும் மொத்தமாக அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் திருடன் கையில் இருப்பது வெறும் இரும்பாகும். பல பேர் சோம்பல்பட்டு அழிக்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

என் மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் பேசுவாள். எல்லோரிடமும் பேசுவாள், அதுதான் தொந்தரவு. ஒருமுறை என்னிடம் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய் அழைத்துவந்தேன். அன்றைக்கு அவளுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. வேலை பார்த்த இடத்திலேயே கட்டிவிட்டார்கள், குறை சொல்லக்கூடாது, அசல் பல் மாதிரியே இருந்தது. ஆனால் அங்கே நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள், அவளுக்குத்தானே சங்கடம்? வேலையை விட்டுவிடச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டாள்.

எங்கள் காருக்கு இரண்டு சாவி. இரண்டையும் என் அலமாரியில் வைத்திருந்தேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட, கடைக்குப் போக என்று கேட்டால் ஒன்றைக் கொடுப்பேன், வந்ததும் வாங்கிக்கொள்வேன். பூட்டி வைத்தான் என்று அவள் அக்கா சொல்லியிருப்பாள். பத்திரமாக வைத்தேன் என்று நான் சொல்கிறேன்.

ஒருநாள் அவளும் மகளும் கடைத்தெருவிலிருந்து நடந்தே வந்தார்கள். வாசலில் நின்றுகொண்டே சொன்னாள்.

"பையை அடிச்சுட்டுப் போயிட்டான்ங்க. சாவி அதுலதான் இருந்துச்சு."

முட்டி சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது, பொய் இல்லை என்று தெரிந்தது. ஆகவே ஓர் அறையோடு விட்டுவிட்டேன். என்னிடம் இருந்த சாவியை எடுத்துப்போய் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் கட்டடத்தின் கீழே நிறுத்தினேன். மறுநாள் காலை கருவியைச் செருகி உட்கார்ந்தேன். அவள் டீ கொண்டுவந்தாள். நான் கேட்காமல் அவள் கீழே டீ கொண்டுவருகிற வழக்கம் இல்லை.

"வண்டி எங்க நிக்குதுன்னு அந்தத் திருடனுக்கு எப்படித் தெரியும்? விட்டுடுங்களேன்."

"பையில வீட்டு விலாசம் இருந்துச்சுல்ல? நாளைக்கு வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டான்னா?"

"தொலைஞ்சதை மட்டும்தானே அழிப்பீங்க?"

அந்த நேரத்தில்தான் திரையைப் பார்த்தேன். இந்த வண்டிக்குத் தெரிந்த சாவிகள்: மூன்று. கண்ணை நம்பாமல் பிடுங்கி மறுபடி செருகினேன். மூன்றுதான். என் கையால் அந்த வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு. ஒன்று அலமாரிச் சாவி, இன்னொன்று திருட்டுப் போனது. அப்படியானால் எவனோ ஒருத்தன் என் வண்டிக்குள் உட்கார்ந்து, என் மனைவிக்கு ஒரு சாவி செய்து கொடுத்திருக்கிறான்.

"அதை மட்டும்தான்டி அழிப்பேன்," என்றேன்.

"இதுக்கு எத்தனை சாவி இருக்குன்னு அந்த மிஷின் சொல்லுமா?"

"அதுக்கு எண்ணவெல்லாம் தெரியாது."

அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவளுக்கு என் தொழில் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, எல்லாச் சாவியையும் அழித்தேன். என் சாவியைச் சொல்லிக்கொடுத்தேன். தொலைந்ததற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வெட்டி அதையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒளித்துவைத்திருந்தது எங்கே இருந்ததோ, அங்கேயே அது செத்துப்போயிற்று. அது அவளுக்குத் தெரியாது.

நான் உடனே அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் மகள் எழுந்து வருவாள், வீடே ரணகளமாகும். எங்கள் வண்டிக்குப் பொருந்தும் கருவி இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் கட்டையனிடம்தான் உண்டு. ஒரே தொழிலில் இருந்தாலும் எங்களுக்குள் போட்டி கிடையாது. என்னை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். அவன் கடைக்குப் போய்ப் பக்குவமாகத்தான் கேட்டேன்.

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே," என்றான்.

வாய் கூசாமல் சொன்னான். மேசையில் இரும்பைக் கவ்வி நிறுத்துகிற வைஸ் இருந்தது. அவனுடைய இடது கையை அதில் வைத்து இறுக்கினேன். வலது கை வேண்டாம் என்று விட்டேன், தொழில் செய்கிறவன் அல்லவா, அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. சாவி வெட்டுகிற மிஷினை ஓடவிட்டிருந்ததால் சத்தம் வெளியே போகவில்லை. விரல் எலும்பு நொறுங்குவது, கேட்டவர்களுக்குத் தெரியும், அப்படியொன்றும் பெரிய சத்தம் இல்லை. அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அண்ணி அழுதுட்டே வந்தாங்கண்ணே. நீங்க வெளியூர் வேலைக்குப் போற அன்னைக்குப் பாப்பாவோட அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்னாங்க. பாப்பா கன்னம் வீங்கியிருந்துச்சு. அதைப் பார்த்துட்டு எப்படிண்ணே முடியாதுன்னு சொல்றது?"

இந்தக் கன்ன விஷயத்தை நீங்களும் கேட்டீர்கள். அது கதவு இடித்த வீக்கம். கதவைச் சாத்தியது நான்தான், ஆனால் அவள் அங்கே நிற்பாள் என்று நான் என்ன கனவா கண்டேன்? பிள்ளைகள் என்றால் இடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

கட்டையன் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு கை பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் அவனுக்கு நினைவுபடுத்திவிட்டு வந்தேன். அவன் அவளுக்குத் தகவல் சொல்லவில்லை. பாவம், பயந்த சுபாவம்.

வீட்டுக்கு வந்து, வெளியூரில் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டார், காலையில் போனால் வர இருட்டிவிடும் என்று சொன்னேன். அவள் விடிவதற்குள் எழுந்து எனக்குச் சாப்பாடு கட்டினாள்.

"பார்த்துப் போயிட்டு வாங்க," என்றாள்.

குரலில் ஒரு பிசிறு இல்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை ஐயா. ஒரு பொம்பளை புருஷனுக்குச் சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதே கையால் பெட்டியும் கட்டுவாளா?

வெளியூர் போகிற வழக்கப்படி காரின் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டேன். என் வேலை வண்டியை அடுத்த தெருவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கார் நிறுத்துமிடத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். வீல் ஸ்பேனர் கையில் இருந்தது. சும்மா கையில் இருந்தது.

அதிக நேரம் ஆகவில்லை. இருவரும் படியிறங்கி வந்தார்கள். ஒரு பெட்டிதான். மகளுடைய பள்ளிக்கூடப் பையைத் தரையில் கவிழ்த்து, அடித்தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, அந்தச் சாவியை எடுத்தாள். தினமும் நான் தூக்கிக் கொடுத்த பை அது. கதவைத் திறந்தாள். மகளைப் பின்னால் உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

அந்த இடத்திலேயே தடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். தடுத்திருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அவளுக்கு ஏறாது, தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

திருப்பினாள். எழும்பவில்லை. மறுபடி திருப்பினாள். முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சாவியை எடுத்து ஊதினாள், துணியில் துடைத்தாள், மறுபடி போட்டாள். "வாடா, வாடா கண்ணு, இந்த ஒரு தடவை," என்று அவள் வண்டியைக் கெஞ்சியது எனக்குக் கேட்டது. என்னிடம் அவள் அப்படிக் கெஞ்சியதே இல்லை.

நான் அவசரப்படாமல்தான் நடந்து போனேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை.

"பாப்பா, பூட்டு. பூட்டிடு."

மகள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னால் எக்கி, உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்திப் பூட்டினாள். நான் என் சாவியிலிருக்கும் பொத்தானை அழுத்தித் திறந்தேன். அவள் மறுபடி பூட்டினாள். நான் மறுபடி திறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நடந்தது. அவளுக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்கும், சின்னப் பிள்ளைதானே. வாய் கோணியிருந்தது, சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் அடி கண்ணாடிக்கு. இரண்டாவது அடியும் கண்ணாடிக்குத்தான், ஆனால் அதற்குள் அங்கே கண்ணாடி இல்லை. என் மனைவி ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். இன்னொரு கை சாவியை விடவே இல்லை, திருப்பிக்கொண்டே இருந்தது. "பாப்பாவை ஒண்ணும் பண்ணிடாதீங்க," என்றாள். நான் எங்கே பாப்பாவைத் தொட்டேன்? எத்தனை அடி என்று கேட்கிறீர்கள். எண்ணவில்லை. அந்தக் கை திருப்புவதை நிறுத்துகிறவரைக்கும் அடித்தேன். கொன்றது நான்தான், வேறு யாரும் இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் நானே நல்ல சாவியாக ஒன்று செய்து கொடுத்திருப்பேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து மகளைத் தூக்கினேன். என் சட்டைப்பையிலிருந்த இரண்டு சாவிகளையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். என் கையைக் கடித்துவிட்டு இறங்கி ஓடி, ஓரத்துச் சாக்கடைக்குள் அவற்றை வீசினாள். அங்கேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். கிட்டே போனால் பின்னால் போனாள். நீங்கள் வரும்வரை அப்படித்தான் நின்றோம்.

அதிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். பயந்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை. சாக்கடையில் ஆள் இறக்கித் தேடவேண்டாம் ஐயா, அந்தச் சாவி போனால் போகிறது. வளர்ந்து வண்டி ஓட்டுகிற வயது வந்ததும் வந்து கேட்கட்டும், நானே புதிதாகச் செய்து கொடுப்பேன். அப்பா என்று நான் ஒருத்தன் இருக்கும்போது அவளுக்கு என்ன குறை?