ரத்தத்தில் ஓடிய முன்னூறு வெள்ளி

கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெரியவர், பெரிய தண்ணீர் போத்தலைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார்:

“இப்ப என் ரத்தத்துல முன்னூறு வெள்ளி ஓடுது.”

கேட்டவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். “வெள்ளியை உருக்கியா ஏத்துனாங்க?”

“இங்க வெள்ளின்னா ரிங்கிட் லா, தம்பி. ஸ்கேன்ல உள்ள இருக்கறது தெளிவா தெரிய ஒரு மருந்து ஏத்துவாங்க. பில்லுல அதுக்கு மட்டும் முன்னூறு.”

“புள்ளைங்க கட்டுனாங்களாண்ணே?”

“மக கார்டை நீட்டுனா. ஸ்கேனுக்கு நீ கட்டு, என் உடம்புக்குள்ள போறதுக்கு நான் கட்டுறேன்னு சொல்லிட்டேன். முப்பது வருசம் லோரி ஓட்டுனவன் நான். என் டேங்குக்கு அடுத்தவன் காசுல எண்ணெய் ஊத்துனதில்ல.”

“மருந்து உள்ளயே தங்கிடுமா?”

“கிட்னி நல்லா இருந்தா நாளைக்குள்ள மூத்திரத்துல போயிடும். எனக்கு நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“முன்னூறு வெள்ளியும் மூத்திரத்துலயா!”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“போகட்டும் லா, என் காசுதானே. மக காசா இருந்தா, ஒண்ணுக்குப் போறதுக்கே மனசு வந்திருக்காது.”