கடல்ல எங்க பங்கு

அங்க நிக்காத தம்பி, அது எங்க சமையக்கட்டு. செருப்போட வேற நிக்கிற. இப்டி வாசப்பக்கமா வா.

இன்னா முழிக்கிற? மணல்மேடு எங்க கீதுன்னு தான கேட்ட? அதோ, அலை ஒடையுது பாரு, அதான் மணல்மேடு. அதுக்கு இந்தாண்ட தாழம்பொதரு, அதுக்கும் இந்தாண்ட எங்க வூடு. போன் மேப்புல இன்னும் காட்டுதா? காட்டும். அதுவா வூட்ட காலி பண்ணிச்சு?

மொதல்ல மேடு கரைஞ்சுது. அப்பால பொதரு. அப்பால பாத்ரூமு, சமையக்கட்டுன்னு ஒவ்வொண்ணா கடலுக்குள்ள போச்சு. மொத்தமா போயிருந்தா ஒரு நா அழுதுட்டு வுட்ருப்போம்.

பேஜாரு அது இல்ல. எங்க வூட்டுக்காரரு தர்மராஜுக்கும் அவரு தம்பி சாமுக்கும் எடத் தகராறு. நடுவுல ஒரு பனமரம். வடக்க சாமு, தெக்க நாங்க. மரம் யாருதுன்னு நான் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து சண்ட. எடத்தையே கடல் எட்த்துகிச்சு, இனிமே இன்னா சண்டன்னு நெனச்சேன். மறுநா வந்து பாக்குறேன், சாமு தண்ணிக்குள்ள கவுறு கட்டிகினு கீறான்! கரைல முளைக்குச்சி அட்ச்சு, தெர்மாக்கோல மெதக்கவுட்டு, இத்தத் தாண்டி வராத அண்ணாங்குறான்.

சிரிக்காத, நெஜமா. கடலையே பங்கு போட்டாங்க. தொட்டா அரிக்குமே சொறிமீனு, அது இந்தாண்ட மெதந்து வந்தா, உன்னுத நீ கட்டி வெய்டான்னு எங்க ஆளு கத்துவாரு. டூரிஸ்ட்டு யார்னா குளிக்க எறங்கினா, அண்ணன் பக்கம் பள்ளம் சார், நம்ம பக்கம் வாங்கன்னு சாமு கூப்டுவான்.

ஒரு நா பெரிய ஆமை ஒண்ணு செத்து ஒதுங்கிச்சு, கரெக்டா கவுத்துக்கு நேரா. தலை உன் பக்கம், நீ பொதைன்றாரு இவரு. ஒடம்பு உன் பக்கம், நீ பொதைன்றான் அவன். நாத்தம் டீக்கடை வரிக்கும் அடிக்குது. கடைசில ஆளுக்குப் பாதியா குழி தோண்டுனாங்க. தோண்டிகினே வந்து நடுவுல தலையும் தலையும் முட்டிகிச்சு. அப்டியே குழிக்குள்ள உக்காந்து சிரிச்சாங்க பாரு! சாமு பொண்டாட்டி ஜாய்ஸு போயி டீ வாங்கியாந்தா. அண்ணனும் தம்பியும் ஒண்ணா குட்ச்சாங்க. மறுநா காலைல, உன் குழி தான்டா ஆழம் கம்மின்னு மறுபடி ஆரம்பிச்சாரு.

அவரா? போன ஆடில போய்ட்டாரு தம்பி. மார் வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போய்ச் சேரல. சாமு தான் எல்லாத்தையும் முன்ன நின்னு செஞ்சான். அப்பால அவன் ஜாய்ஸு ஊரு கருங்குழிக்கே குடி போய்ட்டான். ஆனா பஸ்ஸு புட்ச்சி வந்துகினு தான் இருந்தான்.

இன்னாத்துக்கா? நான் கவுத்த கொஞ்சம் கொஞ்சமா அவன் பக்கம் நவுத்திகினு கீறேன்ல. டீக்கடைல யார்னா அவனுக்குப் போன் போட்டு சொல்லிடுவாங்க. ஓடியாந்து, எங்க அண்ணன் இருந்தா இப்டி பண்ண வுடுவாரா அண்ணின்னு கத்துவான். கத்தட்டும். இங்க ஒரு வூடு இருந்துச்சு, அதுல எங்க ஆளு இருந்தாருன்னு வேற யாரு வந்து கத்துவா சொல்லு.

இந்த வாரம் பூரா ஆளக் காணோம். அவனுக்கும் அண்ணனாட்டம் நெஞ்சு படபடப்பு கீது. என் நம்பருன்னா கட் பண்ணிடுவான். டீக்கடையும் ஒரு வாரமா மூடிக் கெடக்கு. அதான் உன்ன நிறுத்தி வெச்சு பேசிகினு கீறேன். கோச்சுக்காத. உன் போன்லேர்ந்து ஒண்ணு போடேன், நம்பரு சொல்றேன். உங்க அண்ணி உன் கடல்ல பாதிய வளைச்சுகினாங்கன்னு சொல்லு, போதும்.

ரிங் போவுதா?

எட்த்துட்டானா? சொல்லு, சொல்லு.

இன்னா... திட்றானா? நல்லா திட்றானா?

அப்பாடா. போன வெக்காத தம்பி, திட்டட்டும்.